வற்றிய ஏரியில் ஒரு பந்தயத் தடம்

எளாவூர் சோதனைச் சாவடி அருகே நான் ஏறியிருந்த ஷேர் ஆட்டோ இரண்டு லாரிகளுக்கு நடுவில் மூக்கை நுழைத்தது. அதற்கப்புறம் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. என் மடியில் ஒரு சைக்கிள் சக்கரம், காலடியில் பெரிய அளவு நாடா, தலைக்கு மேல் மே மாத வெயில். டிரைவர் இறங்கிப் போய் நிழலில் நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டார். கவலைப்படும் வேலையை எனக்கு விட்டிருந்தார்.

எதிரே இருந்த இரண்டு பெண்கள் என்னைப் பற்றித் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். கோயம்புத்தூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தெலுங்குதான். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

“பாவம், சைக்கிள் திருட்டுப் போயிருக்கும். சக்கரம் மட்டும் கிடைச்சிருக்கு” என்றாள் ஒருத்தி.

“மிச்சத்தைத் தேடித்தான் போறா போல” என்றாள் மற்றவள்.

ஒரு விதத்தில் அவள் சொன்னது சரி. தேடித்தான் போய்க்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் ஒரு சிறிய பயிற்சி மையத்தில் பெண்களுக்குத் தடத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. விடுதியில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. “பழவேற்காட்டு ஏரிக்கரைப் பக்கம் பந்தயம் வெக்கறாங்களாம். போய்ப் பாருங்க. முதல்ல வர்ற பொண்ணைக் கூட்டிட்டு வந்துடுங்க” என்று மையத்தின் செயலாளர் அனுப்பி வைத்திருந்தார். சொல்வதற்கு எவ்வளவு எளிது.

பந்தயத்தை நடத்துகிறவர் ஜமால் பாய். பழவேற்காட்டில் குக்கர், மிக்ஸி, சைக்கிள் எல்லாம் விற்கிற கடைக்காரர். போனில் அவர் சொன்னது இதுதான்: “மேடம், பந்தயம் கீது, ஓட்டறவங்களும் கீறாங்க. தடம்தான் இல்ல.” அதுவரை சைக்கிள், பைக் இரண்டுக்கும் சாலையிலேயே பந்தயம் விட்டிருக்கிறார்கள். போன முறை ஒரு பைக்காரர் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதிக் காலை முறித்துக்கொண்டார். இனிமேல் சாலையில் சக்கரம் உருளக்கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டது. அதனால் கோடையில் ஏரி வற்றிக் கிடக்கிற தரையில் ஒரு தடம் போட்டுத் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள்.

ஆட்டோ அசையக் காணோம். அப்போது லாரிக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த ஒரு முழ இடைவெளியில் ஒரு சைக்கிள் சர்ரென்று போயிற்று. ஓட்டியவளுக்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும். சுடிதாருக்கு மேல் ஆம்பளைச் சட்டை, பின்னால் காலி மீன் கூடை. இடுப்பு அசையவில்லை, தோள் ஆடவில்லை. கால் மட்டும் வேலை செய்தது. இதைக் கற்றுக்கொடுப்பதற்குள் என் தொண்டை கட்டிப்போகும். இவள் மீன் விற்றுவிட்டு வீட்டுக்குப் போகிற போக்கில் செய்துகொண்டு போனாள்.

“யாருங்க அந்தப் பொண்ணு?” என்று டிரைவரைக் கேட்டேன்.

“அதுவா? நம்ம ஏழுமலை பொண்ணு, தேசராணி. நீ போற குப்பந்தான். நாம போறதுக்குள்ள அது சோறு துன்னுட்டுத் தூங்கி எழுந்துடும்” என்றார். அது கிட்டத்தட்ட உண்மையாயிற்று.

சுண்ணாம்புக்குளத்தில் ஜமால் பாய் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர், கழுத்தில் ஒரு விசில். “எங்க பாட்டனார் காலத்துல கப்பல்ல சரக்கு போச்சு மேடம். எனக்கு வாய்ச்சது குக்கரு” என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். பெண்கள் பந்தயத்துக்கு முதல் பரிசும் அவர் கடைக் குக்கர்தான்.

நான் தங்கியது குப்பத்தில் வள்ளியின் வீட்டில். வள்ளிக்கு முப்பது வயதுக்கு மேல். இரண்டு பிள்ளைகள், புருஷன் கடலுக்குப் போகிறவர். வந்ததும் மடவை மீன் குழம்பு, இறால் வறுவல், மலை மாதிரி சோறு. ஊரில் அரிசி பருப்புச் சாதத்தோடு திருப்திப்படுகிற வயிறு திகைத்துப்போயிற்று. டீயில்தான் லேசாக உப்புக் கரித்தது. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு; எங்கே போனாலும் அதைச் சொல்லிவிடுவோம். நானும் சொன்னேன்.

“அப்ப ஒரு கொடம் எத்துனு வந்திருக்கலாமே” என்றாள் வள்ளி. அதற்குப் பிறகு சிறுவாணிப் பேச்சை நான் எடுக்கவில்லை.

அவளும் பந்தயத்தில் ஓட்டப்போகிறாளாம். “எனக்கு ஜெயிக்கறதெல்லாம் வோணாங்க்கா. குக்கரு வோணும்” என்றாள். இரண்டும் ஒன்றுதான் என்று விளக்கப் பார்த்தேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் தரையைப் பார்க்கப் போனேன். வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஏரி இருந்த இடம். தண்ணீர் தூரத்தில் ஒரு கோடாக மின்னியது. பந்தயத் தடம் போடுகிற யாருக்கும் இப்படி ஒரு சமதரையைப் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். எங்கள் ஊருக்கு வெளியே கார்ப் பந்தயத் தடம் உண்டு. சிறு வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இரைச்சல் கேட்டுத்தான் எனக்கு இந்தக் கிறுக்கே பிடித்தது. அங்கே ஒரு வளைவுக்கு மண்ணைக் கொட்டி, இடித்து, தார் போட்டு என்று மாதக்கணக்கில் வேலை நடக்கும். இங்கே ஏரியே இழைத்து வைத்திருந்தது.

ஆனால் அதன் குணம் நடந்தால்தான் தெரிகிறது. குதிகாலால் ஓங்கி மிதித்தால் சில இடம் சிமெண்டு மாதிரி டங்கென்றது. பத்தடி தள்ளி மிதித்தால் கணுக்கால் வரை உள்ளே போயிற்று. கரும்பச்சைச் சேறு. செருப்பை மீட்க நானும் ஜமால் பாயும் குனிந்து போராடியதை இரண்டு கொக்குகள் நின்று பார்த்தன.

கெட்டித் தரையாகத் தேடிப் பிடித்து வேலையை ஆரம்பித்தோம். இரண்டு முளை, வலைக் கயிறு, சுண்ணாம்புத் தூள், தூரம் அளக்க நான் கொண்டுவந்த நாடாவும் சக்கரமும். எங்கள் மையத்துத் தடத்தில் வளைவுகள் வாணலியின் ஓரம் போலச் சரிந்து உயரும். எவ்வளவு வேகமாக வந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். இங்கே சரிவு கிடையாது. ஆகவே வளைவை அகலமாகப் போட வேண்டும். வளைவு தொடங்குவதும் முடிவதும் தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று, ஏரியில் வலை கட்டுகிற நீளமான கழிகளை வாங்கி நான்கு மூலையிலும் நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டினேன். என் சொந்த யோசனை. அன்று அதை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

மாலையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் ஏறி நின்று பார்த்தேன். முட்டை வடிவில் வந்திருக்க வேண்டிய தடம் கத்தரிக்காய் மாதிரி இருந்தது.

“சூப்பரா கீது மேடம்” என்றார் ஜமால் பாய்.

அழித்துவிட்டுத் திரும்பப் போட்டோம்.

அடுத்த நாள் காலையில் போனால், தடத்தின் நடுவே ஐஸ் ஏற்றிய வேன் ஒன்று பின்சக்கரம் புதைந்து நிற்கிறது. டிரைவர் பக்கத்தில் குந்தியிருந்தார். எனக்குக் கோபம் வந்தால் கோவைத் தமிழின் மரியாதையெல்லாம் ஓடிப்போகும். நான் கத்தி முடித்ததும் அவர் நிதானமாகச் சொன்னார்: “வெள்ளக் கோடு போட்டிருந்திச்சிம்மா. புதுசா ரோடு போட்டுக்கீறாங்கனு நெனச்சி வந்துட்டேன்.”

அவரை என்ன சொல்வது? பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்த பைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து, ஐஸ் கட்டிகளை இறக்கி, கயிறு கட்டி இழுத்து, வேனை வெளியே கொண்டுவருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இறக்கிய ஐஸ் பாதி உருகி, இருந்த கெட்டித் தரையையும் கொழகொழவென்று ஆக்கிவிட்டது. தடத்தை மொத்தமாக வடக்கே நகர்த்த வேண்டும். ஜமால் பாய் முதல் முறையாகச் சோர்ந்துபோனார். “பேஜாரு மேடம். வுட்றலாமா?” என்றார்.

“விடறதாவதுங்க! கயித்தைப் புடிங்க” என்றேன். பொழுது சாய்வதற்குள் கழியும் துணியும் புது இடத்துக்குப் போய்விட்டன. பைக்காரர்கள் வரிசையாக ஓட்டி ஓட்டித் தரையை இறுக்கிக் கொடுத்தார்கள். அன்றைக்குச் சாப்பிட்ட கருவாட்டுக்கும் பழைய சோற்றுக்கும் ஈடாக என் வாழ்நாளில் எதையும் சாப்பிட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை தேசராணியோடும் வள்ளியோடும் இன்னும் இரண்டு பெண்களோடும் சந்தைக்குப் போனேன். மீன் கூடை கட்டிய சைக்கிள்கள் நான்கு. கடைசியில் வள்ளி புருஷன் சைக்கிளில் நான். ஏரிக்கரைச் சாலையில் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. முதலில் தேசராணி போனாள். மற்றவர்கள் அவள் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒட்டிக்கொண்டார்கள். இரண்டு மின் கம்பம் தாண்டியதும் அவள் வலது பக்கம் ஒதுங்கி வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டாள். இப்போது வள்ளி முன்னால். அடுத்த இரண்டு கம்பம். வள்ளி ஒதுங்கினாள். யாரும் எதுவும் சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் காற்றை வாங்கிக்கொள்ள, மற்ற மூவர் அவர் முதுகுக்குப் பின்னால் இளைப்பாறிக்கொண்டே போனார்கள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றினால் என்று வைத்துக்கொள்ளலாம். காரணம் வேறு. தடப் பந்தயங்களில் நான்கு பேர் ஓர் அணியாக ஓட்டுகிற பந்தயம் ஒன்று உண்டு. முன்னால் போகிறவள் தன் பங்குக்குக் காற்றைக் கிழித்துவிட்டு, நேரம் பார்த்து ஒதுங்கி அடுத்தவளுக்கு இடம் விட வேண்டும். நொடி பிசகினாலும் போயிற்று. எங்கள் மையத்துப் பெண்கள் தனித்தனியாகப் புலிகள். நான்கு பேராக விட்டால் யாரும் யாருக்கும் வழி விட மாட்டார்கள். முன்னால் இருப்பதுதான் கௌரவம். மூச்சு முட்டி வேகம் செத்த பிறகும் முன்னாலேயே இருப்பார்கள். தினமும் காலையில் நான் கத்துகிற கத்தலில் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் சண்டைக்கு வந்திருக்கிறார்.

“யார் சொல்லிக்கொடுத்தாங்க?” என்று தேசராணியைக் கேட்டேன்.

“இன்னாத்தங்க்கா?”

“இந்தக் கம்பத்துக்குக் கம்பம் மாறுறது.”

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. வள்ளிதான் சொன்னாள்: “பாடுக்கா. ஏரில எப்டியோ ரோட்லயும் அப்டித்தான்.”

ஏரியில் மீனும் இறாலும் நன்றாக விழுகிற இடங்கள் சில உண்டு. அவை யாருக்கும் சொந்தம் கிடையாது. குலுக்கிப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு உன் வலை, நாளைக்கு என் வலை. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். முறை வந்தவனை அன்று யாரும் நெருங்கக்கூடாது. முறை முடிந்தவன் எவ்வளவு மீன் புரண்டாலும் வலையை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். எங்கள் பக்கம் வாய்க்கால் தண்ணீருக்கு முறை உண்டு, முறை மீறி மண்டை உடைவதும் உண்டு. இங்கே மண்டை உடைவதில்லையா என்று கேட்டேன். “அப்பப்ப” என்றாள் வள்ளி.

அன்று சாயங்காலமே தேசராணியின் அப்பா ஏழுமலையைப் பார்க்கப் போனேன். படகு எஞ்சினைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். மையத்தில் காலியாக இருக்கிற இடத்தைப் பற்றி நான் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு, கையைத் துடைத்தார்.

“திங்கக்கெழம காலீல இறால் கம்பெனி வண்டி வருது. வேலைக்கு இவ பேரு குடுத்தாச்சி. இவ இன்னாடான்னா சைக்கிளு சைக்கிளுங்கறா. செரி, ஞாயித்துக்கெழம மொதல்ல வரட்டும், இட்டும் போ. தோத்தா கம்பெனி வண்டி. அவளுக்கும் இதான் சொல்லிக்கீறேன்.”

“நைனா சொன்னா சொன்னதுதாங்க்கா” என்றாள் தேசராணி, வழியனுப்பக் கூடவே வந்து. முகத்தில் பயம் தெரியவில்லை. “ஜெயிச்சுடுவேன். இந்தச் சுத்துவட்டாரத்துல என்ன யாரும் முந்த மாட்டாங்க.”

அது வெறும் பேச்சில்லை என்று சனிக்கிழமை தடத்தில் பார்த்தேன். மற்றவர்களைவிட அவள் வெகு தூரம் முன்னால் இருந்தாள். இருந்தாலும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: “கண்ணு, நாளைக்குச் சந்தைக்குப் போற மாதிரி ஓட்டாதே. அவங்கவங்களுக்கு அவங்கவங்க. யாருக்கும் ஒதுங்காதே.”

“தெரியுங்க்கா. நான் இன்னா பச்சக் கொயந்தையா?” என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் ஏரித் தரையில் திருவிழாக் கூட்டம். பழவேற்காட்டிலிருந்து ஜமால் பாயின் உறவுக்காரர்கள் வேனில் பிரியாணி அண்டாவோடு வந்திறங்கினார்கள். காட்டூரிலிருந்து டிராக்டரில் ஒரு கூட்டம். மைக் செட்டை ஜமால் பாய் யாரிடமும் தருவதாக இல்லை. முதலில் பைக் பந்தயம். புழுதி மேகமாக எழும்பி, யார் எங்கே போகிறார்கள் என்றே தெரியாமல், அவர் மட்டும் எல்லாம் தெரிந்தவர் மாதிரி மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஓரமாக நின்ற போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பிரியாணித் தட்டை வாங்கிக்கொண்டார். தடம் தேறிவிட்டது என்று எனக்குப் பாதி உயிர் வந்தது.

அடுத்தது பெண்கள். ஒன்பது பேர். கொண்டல், அதாவது கடலிலிருந்து அடிக்கிற காற்று, நன்றாக எழும்பியிருந்தது. தடத்தின் தொலைவான பக்கம் முழுக்க எதிர்க்காற்று. விசில் ஊதியதும் தேசராணி முன்னால் வந்துவிட்டாள். அவள் பின்னால் வள்ளி. வள்ளிக்குப் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். சுற்று ஏற ஏற வள்ளியும் பிய்ந்துபோவாள் என்று பார்த்தேன். குக்கர் ஆசை சாதாரணமானதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சக்கரத்தை விடாமல் பிடித்திருந்தாள்.

கடைசிச் சுற்று. எதிர்க்காற்றில் தேசராணி தனியாளாக முட்டிக்கொண்டு வந்தாள். முகம் வெளிறி, வாய் திறந்து, கண் எதையும் பார்க்கவில்லை. அந்த நிலை எனக்குத் தெரியும். புத்தி நின்றுபோய் உடம்பு மட்டும் ஓட்டுகிற நேரம் அது. கடைசி வளைவு முடிகிற கழி வந்தது. சிவப்புத் துணி படபடத்தது. அதைத் தாண்டினால் கோடு.

தேசராணி வலது பக்கம் ஒதுங்கினாள்.

அவ்வளவு அழகாக, அவ்வளவு சுத்தமாக ஒதுங்கினாள். ஒதுங்கிய இடத்தில் வள்ளி புகுந்து முன்னால் போனாள். அவளும் யோசிக்கவில்லை. தேசராணி திடுக்கிட்டுத் தலையைத் தூக்கி மிதிப்பதற்குள் கோடு வந்துவிட்டது. வள்ளி ஒரு சக்கர அளவு முன்னால்.

கூட்டம் கை தட்டியது. நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். யாருக்கும் இது வினோதமாகப் படவில்லை. முன்னால் இருந்தவள் ஒதுங்கினாள், பின்னால் இருந்தவள் வந்தாள். இதில் கேட்க என்ன இருக்கிறது?

ஓடிப்போய்த் தேசராணியின் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். “ஏன் கண்ணு ஒதுங்குனே? ஏன்?”

“கம்பம் வந்திச்சிக்கா” என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கழியை நட்டது நான். அந்தத் துணியைப் பிடுங்கி ஏரியில் எறிய வேண்டும் போலிருந்தது. எறிய ஏரியில் தண்ணீர் இல்லை.

வள்ளி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். “ஐயோ, என் மொறனு நான் பாட்டுக்கு வந்துட்டேனே! எனக்குக் குக்கரு வோணாம், அத்த திருப்பிக் குட்த்துடறேன். அவதான் ஜெயிச்சானு எய்துங்க்கா” என்று அழுதாள்.

“கோட்டை முதல்ல தாண்டுனது நீங்க. குக்கர் உங்களுது. அதுல பேச்சில்லை” என்றேன்.

பிறகு கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போய்ச் செயலாளருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். இரண்டாவதாக வந்த பெண்ணை அழைத்துவரப் போகிறேன் என்றேன்.

“அதெப்படிங்க? முதல்ல வந்தவங்கன்னுதானே பேச்சு?”

“முந்திப் போறவங்க நம்மகிட்ட இருவது பேர் இருக்காங்கங்க. இடம் விடத் தெரிஞ்சவ ஒருத்திகூட இல்லை. நாலு பேர் பந்தயத்துல நாம எதுனால தோக்கறோம்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“ரூல்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?”

“இருக்குதுங்க. நான் இவளைத்தான் கூட்டிட்டு வர்றேன். வேண்டாம்னா எங்க ரெண்டு பேரையும் சேர்த்தே திருப்பி அனுப்பிடுங்க.” அவர் பதில் சொல்வதற்குள் போனை அணைத்துவிட்டேன். மனதில் ஒரு சந்தேகமும் இல்லை.

கஷ்டம் ஏழுமலையிடம்தான். அவர் மகள் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். திட்டவில்லை. “வா, வூட்டுக்குப் போலாம். காலீல வண்டி” என்று மட்டும் சொன்னார்.

“நான் இவளைக் கூட்டிட்டுப் போறேனுங்க” என்றேன்.

“தோத்துட்டாளேம்மா.”

“ஒதுங்குனதாலதான் தோத்தா. அந்த ஒதுங்கறதுக்காகத்தான் எனக்கு இவ வேணும்.” நான்கு பேர் பந்தயத்தைப் பற்றி, எங்கள் பெண்கள் வழி விடாததைப் பற்றி, காற்றைப் பற்றி என்னால் முடிந்த அளவு சொன்னேன். கூட்டம் சுற்றிக் கூடிவிட்டது. ஏழுமலை கவனமாகக் கேட்டார். ஆனால் தலையை ஆட்டவில்லை.

“தோத்தவள இட்டும் போனா, ஜெயிச்சவளுக்கு இன்னா மரியாத?”

“எனக்குக் குக்கரு கீது மாமா! அவ போவட்டும்!” என்று கூட்டத்திலிருந்து வள்ளி கத்தினாள்.

“நீ சும்மா இரு. அது பொருளு. இது எடம். எடம்னா அதுக்கு ஒரு நாயம் வோணும்.” என்னைப் பார்த்தார். “ஒன்னு கேக்கறேன். அந்த எடம் இவளுக்கே சொந்தமா?”

“அப்படியில்லீங்க. வருசா வருசம் பார்த்துத்தான்…”

“அப்ப இப்டி வெச்சிக்கலாம். எடம் எங்க ஊருக்கு. இந்த வருசம் இவ போவட்டும். அடுத்த வருசம் இவ வந்துடணும், இங்கேருந்து வேற ஒருத்தி வருவா. குலுக்கிப் போட்டு எடுப்போம். வள்ளி பேரும் அதுல இருக்கணும். ஒத்துக்கறியாம்மா?”

எனக்கு அப்படி ஒத்துக்கொள்ள எந்த அதிகாரமும் இல்லை. எங்கள் மையத்தில் யாரும் இப்படி ஓர் இடத்தைக் கொடுத்ததில்லை, யாரும் இப்படிக் கேட்டதும் இல்லை. ஒரு வருடத்தில் ஒரு பெண்ணைத் தயார் செய்ய முடியுமா, தயாரானவளை அனுப்ப மனம் வருமா என்றெல்லாம் மூளை கணக்குப் போட்டது. தேசராணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒத்துக்கறேனுங்க.”

“ஊருக்கு முன்னால சொல்லு” என்றார் ஏழுமலை. அதுவரை யாருக்கும் கொடுக்காத மைக்கை ஜமால் பாய் என் கையில் திணித்தார். சொன்னேன். என் குரல் ஏரித் தரை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. கோயம்புத்தூரில் இதற்கு என்ன பதில் சொல்லப் போகிறேன் என்று நினைத்தேன். எதைச் சொன்னாலும் இதிலிருந்து பின்வாங்குவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை பேருந்துக்காகச் சாலையோரம் நின்றோம். வள்ளி கட்டிக்கொடுத்த இறால் சோறு வாசம் பிடித்துக்கொண்டு ஒரு நாய் எங்களையே சுற்றி வந்தது. ஏழுமலை ஏரிக்குப் போயிருந்தார். அன்றைக்கு அவர் பாடு. இறால் கம்பெனி வண்டி வந்து நின்றது. உள்ளேயிருந்து ஓர் ஆள் பெயரைக் கூப்பிட்டார். “வரலண்ணா” என்றாள் தேசராணி. வண்டி போய்விட்டது.

எனக்கு மனது கேட்கவில்லை. “ஒரு வருசம்தான் கண்ணு. தெரியுமில்ல? பழகி வர்றதுக்குள்ளே முடிஞ்சு போகும். உனக்கு வருத்தமில்லையா?”

சைக்கிளின் பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவள் சொன்னாள்: “வருசம் முடிஞ்சா ஒதுங்கிடுவேங்க்கா. அதுவரிக்கும் அது என் பாடு. எவ வந்தாலும் ஒரு சாண் எடம் குடுக்க மாட்டேன்.”